கேஸ் சோதனை என்று வந்து ஏமாற்றிவிட்டார்கள். வாசலில் வருபவர்களை எதை வைத்து நம்புவது?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் கடலூர் கூத்தப்பாக்கத்தில் தனியாக வசிக்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது, அப்பாவுக்கு 77. பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து அப்பாவுக்கு நடமாட்டம் குறைவு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கெல்லாம் உறங்கிவிடுவார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்து போகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணி அளவில் இரண்டு இளைஞர்கள் வந்து மணியடித்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை, கழுத்தில் நாடாவில் தொங்கும் அட்டை, கையில் ஒரு பதிவேடு. "கேஸ் ஆபீஸிலிருந்து வருகிறோம் அம்மா, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கட்டாயச் சோதனை, செய்யாவிட்டால் அடுத்த சிலிண்டர் புக் ஆகாது" என்று சொன்னதோடு, அப்பாவின் பெயரையும் நுகர்வோர் எண்ணையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் என்பதால்தான் அம்மா கதவைத் திறந்தார். அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சிலிண்டர் ரசீதுகளை வராந்தா ஜன்னலோரம் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கேட்டுக்கு வெளியே நின்றபடியே மேலே இருக்கும் ரசீதைப் படித்துவிடலாம்.

சமையலறைக்குப் போய், பாட்டிலில் கொண்டு வந்திருந்த சோப்புத் தண்ணீரை ட்யூபின் மேல் பீய்ச்சி, நுரையைக் காட்டி, "கசிகிறது பாருங்கள், இந்த நேரத்தில் லைட் சுவிட்சைப் போட்டிருந்தால் வீடே போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. புதிய ட்யூப், சோதனைக் கட்டணம், காப்பீடு என்று மூன்றையும் கூட்டி 2,360 ரூபாய் கேட்டு, அதை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பழைய ட்யூபையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்த ரசீதில் ஒரு வட்ட முத்திரையைத் தவிர முகவரியோ தொலைபேசி எண்ணோ இல்லை. சனிக்கிழமை நான் வந்து பார்த்தபோது புதிய ட்யூபில் தேதியும் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. எங்கள் கேஸ் ஏஜென்சியில் விசாரித்தேன், அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றார்கள்.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறு. வந்தவர்கள் வெயிலில் வந்திருக்கிறார்களே என்று அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த இரண்டு டம்ளர்களைக் கழுவித் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "நானேதான் உள்ளே கூப்பிட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பால்காரர் மணியடித்தாலும் கதவைத் திறக்கத் தயங்குகிறார்.

உண்மையில் எந்தத் துறை ஊழியர்களுக்கு வீட்டுக்குள் வர வேண்டிய தேவை இருக்கிறது? அடையாள அட்டையைக் கேட்டால் போதுமா? நேர்மையாக வேலைக்கு வருபவர்களை அவமதிக்காமலும், இப்படிப்பட்டவர்களிடம் மீண்டும் சிக்காமலும் இருக்க வயதானவர்களுக்கு எதைச் சொல்லித் தருவது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மின்பணியாளர் (பண்ருட்டி)

தம்பி, முதலில் அம்மாவிடம் நான் சொன்னதாக ஒன்றைச் சொல்லுங்கள். வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. நான் மின்வாரியத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தேன், அப்படிப்பட்ட அம்மாக்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துத்தான் சித்திரை வெயிலில் கம்பம் ஏறினோம்.

எனக்குத் தெரிந்தது மின்சாரம் என்பதால் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். கேஸ் பற்றித் தெரிந்தவர்கள் தனியாக எழுதட்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. கணக்கீட்டாளர் வருவார், மீட்டரைப் பார்ப்பார், குறித்துக்கொண்டு போய்விடுவார். பெரும்பாலான வீடுகளில் மீட்டர் வராந்தாவிலோ வெளிச்சுவரிலோதான் இருக்கிறது, ஆகவே அவருக்குக் கூடத்தைத் தாண்டி வர வேண்டிய வேலையே இல்லை. ரீடிங் எடுக்க வந்தவர் கையில் பணம் வாங்கமாட்டார். கட்டணத்தை அலுவலகக் கவுன்ட்டரிலோ இணையத்திலோதான் கட்ட வேண்டும். வாசலில் நின்று "பாக்கி இருக்கிறது, இப்போதே கொடுத்தால் ஃபியூஸைப் பிடுங்கமாட்டேன்" என்று எவர் சொன்னாலும், அவர் உண்மையான ஊழியராகவே இருந்தாலும், அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. கட்டணம் கட்டாத இணைப்பைத் துண்டிப்பதற்கே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, முழுமையாகப் பதினைந்து நாள் அவகாசம் தரும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு வேண்டும் என்கிறது. "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்" என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் இதே வகைதான். அந்த எண்ணில் பேசினால் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், வங்கிக் கணக்கு காலியாகிவிடும்.

வீட்டுக்குள் வந்து சோதிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதே சட்டத்தின் 163ஆவது பிரிவு, குடியிருப்பவருக்குத் தெரிவித்துவிட்டு, நியாயமான நேரத்தில் உள்ளே வந்து மின்கம்பிகளையும் மீட்டரையும் சோதிக்கலாம் என்கிறது. திருட்டு மின்சாரம் பற்றிய 135ஆவது பிரிவின் கீழ் சோதனை நடந்தால், வீட்டில் இருப்பவர் உடன் இருக்க வேண்டும், எடுத்துச் செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை, அந்த வீட்டில் குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் இல்லாமல் வீடுகளில் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. இதை எழுதுவதற்குக் காரணம், "அரசு ஆளைத் தடுத்தால் வழக்கு போடுவோம்" என்று மிரட்டினால் வயதானவர்கள் அஞ்சிவிடுகிறார்கள் என்பதுதான். யார் நீங்கள் என்று கேட்பதும், அலுவலகத்தில் விசாரித்துவிட்டு உள்ளே விடுவதும் தடுப்பது ஆகாது.

அடையாள அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு புகைப்படமும் ஜெராக்ஸ் கடையும் இருந்தால் கால் மணி நேரத்தில் அட்டை தயாராகிவிடும். உண்மையான அட்டை எப்படி இருக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர்வீஸ் நம்பரைச் சொல்கிறாரா என்று பார்ப்பதும் பயன்படாது, ஏனென்றால் பல வீடுகளில் அது மீட்டர் பெட்டி மேலேயே பெயின்டால் எழுதியிருக்கும். உங்கள் வீட்டு ரசீதுக் கம்பியில் நடந்ததும் அதுதான்.

அப்படியானால் எதை நம்புவது? உங்கள் கையில் முன்பே இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். உங்கள் பகுதிக்குரிய மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய், அதன் தொலைபேசி எண்ணை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதி, உள்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அது கிடைக்காத நேரத்தில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் இருக்கிறது: 94987 94987. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். வந்தவர் தன் கைப்பேசியிலிருந்து போட்டுக் கொடுக்கும் அழைப்பையோ, அவர் சொல்லும் எண்ணையோ ஒருபோதும் ஏற்காதீர்கள், மறுமுனையில் பேசுபவர் அவருடைய கூட்டாளியாக இருப்பார்.

இதில் நேர்மையான ஊழியருக்கு அவமானம் எதுவும் இல்லை என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு முறை மீட்டர் மாற்றுவதற்காக நானும் என்னுடன் வேலை பார்த்தவரும் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு ஆயா கிரில் கேட்டைத் திறக்காமல் எங்களை வெளியே நிறுத்திவிட்டு, அலுவலகத்துக்குப் பேசி, எங்கள் இருவருடைய பெயரையும் கேட்டு, நாங்கள் சொன்ன பெயரோடு ஒத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்து வந்தார். இருபது நிமிடம் வேப்ப மரத்தடியில் நின்றோம். எனக்குக் கோபம் வரவில்லை, என் தாயும் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையான ஊழியருக்குக் காத்திருப்பதில் இழப்பு இல்லை, அன்று முடியாவிட்டால் நாளை வருவார். "நேரம் இல்லை, இப்போதே திறங்கள்" என்று அவசரப்படுத்துபவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். முகம் தெரிந்தவரை மட்டும் விடுவோம் என்று வைத்துக்கொண்டால் புயல் காலத்தில் அது நடக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, கம்பங்களும் விழுந்து கிடந்த அந்த நாட்களில், வேலை செய்ய வந்தவர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள். எங்களுக்கே அவர்களைத் தெரியாது. ஆனால் அவர்களுடைய வேலை தெருக் கம்பத்திலும் மின்மாற்றியிலும் இருந்தது. வந்த முகம் புதியதா என்று பார்ப்பதைவிட, அவர் சொல்லும் வேலைக்கு உங்கள் படுக்கையறை வரை வர வேண்டுமா என்று பாருங்கள்.

பதில்: சிலிண்டர் வண்டி (நெல்லிக்குப்பம்)

ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் கேஸ் ஏஜென்சியில் பதினோரு ஆண்டுகளாக சிலிண்டர் போடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்ததும், எங்கள் தொழிலின் பெயரைச் சொல்லித்தானே ஏமாற்றினார்கள் என்று மனம் வலித்தது.

இந்த ஏமாற்று நன்றாக எடுபடுவதற்குக் காரணம், அதில் பாதி உண்மையாக இருப்பதுதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்பது உண்மையிலேயே உண்டு. ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் உண்மை. அண்மை ஆண்டுகளில் சிலிண்டர் கொடுக்க வரும்போதே அடிப்படைச் சோதனையை இலவசமாகச் செய்து கொடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. பொய் எங்கே தொடங்குகிறது என்றால், நீங்கள் கேட்காமல், உங்கள் ஏஜென்சிக்குத் தெரியாமல் ஒருவர் வந்து, "இப்போதே பணம் கொடுங்கள்" என்று சொல்லும் இடத்தில்தான். காப்பீட்டுக்கென்று வாடிக்கையாளரிடம் வாசலில் பணம் வாங்கும் வழக்கமே இல்லை. பதிவு பெற்ற வாடிக்கையாளருக்கு எரிவாயு விபத்துக் காப்பீட்டை எண்ணெய் நிறுவனங்களே எடுத்து வைத்திருக்கின்றன.

சோப்புத் தண்ணீர் வித்தையைச் சற்று விளக்குகிறேன், ஏனென்றால் பலர் அதைப் பார்த்துத்தான் மிரண்டுபோகிறார்கள். சோப்புத் தண்ணீரைக் குலுக்கிப் பீய்ச்சினால் எதன் மேலும் நுரை படியும், உங்கள் வீட்டுக் குழவிக்கல் மேல் பீய்ச்சினாலும் படியும். உண்மையில் கசிவு இருந்தால், நுரை அடங்கிய பிறகும் அதே ஒரு புள்ளியிலிருந்து குமிழி மேலும் மேலும் ஊதிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி தடவினாலும் அதே இடத்தில்தான் வரும். யாராவது கசிவு என்று சொன்னால், ரெகுலேட்டரை மூடிவிட்டு, அவரை வெளியே அனுப்பிவிட்டு, 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே நாடு முழுவதும் உள்ள அவசர எண் அது. உண்மையாகவே வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து பேச வேண்டும்.

சரியான ட்யூப் ஆரஞ்சு நிறத்தில் கனமாக இருக்கும், உள்ளே கம்பி வலை இருப்பதால் எளிதில் நசுங்காது. அதன் மேல் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும், தேதியும் அச்சிட்டிருக்கும். அம்மாவை ஒரு முறை அதைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், எது நல்ல ட்யூப் என்று அதன் பிறகு அவருக்கே தெரிந்துவிடும். அவர்கள் போட்டுவிட்டுப் போன ட்யூபை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். பணம் போனதைவிட அது பெரிய ஆபத்து.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாதே என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருப்பதால், சிலிண்டர் இறக்கும்போது நாங்கள் கேட்கும் எண்ணைச் சொல்லவும் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். நீங்கள் பதிவு செய்த சிலிண்டருக்காகக் கைப்பேசிக்கு வரும் அந்த டெலிவரி எண்ணை எங்களிடம் சொல்லலாம். ஆனால் சிலிண்டர் உங்கள் வாசலில் இறங்கிய பிறகு, அதன் சீலைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். சிலிண்டர் புக் செய்யாத நாளில் எவர் எந்த எண்ணைக் கேட்டாலும் சொல்லாதீர்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும்.

பதில்: முத்தியால்பேட்டைவாசி (புதுச்சேரி)

சகோதரரே, உங்கள் அம்மாவின் நிலையில் என் பெரியம்மா இருந்தார், அதனால் எழுதுகிறேன். புதுச்சேரியில் மின்சாரத்துக்கு அரசின் மின்துறை, நகரக் குடிநீருக்குப் பொதுப்பணித் துறை என்பதால் அலுவலகங்களின் பெயர்தான் வேறு, வருகிறவர்களின் தந்திரம் ஒன்றே.

பெரியம்மாவிடம் வந்தவர்கள் குடிநீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒருவர் அவரை மாடிக்கு அழைத்துப் போய், தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, தண்ணீரை ஒரு சிறு குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, ஏதேதோ எழுதிக்கொண்டிருந்தார். கீழே குழாயைத் திறந்து பார்ப்பதாகச் சொன்ன மற்றவர் கூடத்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டார். அன்று மாலை கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் சங்கிலி இல்லாதது தெரிந்தது. இருவராக வந்து, ஒருவர் நம்மை ஓர் இடத்துக்கு நகர்த்துவதுதான் அவர்களுடைய வேலையின் சாரம். ஆகவே தனியாக இருக்கும்போது, எவ்வளவு உண்மையானவராகத் தோன்றினாலும், இரண்டு பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடக் கூடாது என்பதை நாங்கள் வீட்டு விதியாகவே வைத்துவிட்டோம்.

எங்கள் பகுதிப் பழைய வீடுகளுக்குச் சுற்றுச்சுவரும் கேட்டும் கிடையாது. திண்ணையைத் தாண்டினால் கதவு, கதவைத் திறந்தால் கூடம். அதனால் கதவுக்கு வெளியே ஓர் இரும்பு கிரில் வைத்தோம். மரக்கதவைத் திறந்தாலும் கிரில் பூட்டியே இருக்கும், சாவி ஆணியில் அல்ல, பெரியம்மாவின் இடுப்பில் இருக்கும். பேசுவதெல்லாம் கிரிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான்.

பேச்சையும் பழக்கிக்கொடுத்தோம். "மகன் வந்த பிறகு வாருங்கள்" என்றுதான் பெரியவர்கள் இயல்பாகச் சொல்வார்கள், அது வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று அறிவிப்பதாகிவிடும். "இருங்கள், உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னோம். அந்த அக்கா உடனே தன் திண்ணையில் வந்து நின்று, "யார் வேண்டும் உங்களுக்கு?" என்று சத்தமாகக் கேட்பார். ஒரு முறை அப்படிக் கேட்டதுமே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டையும் கேமராவையும்விட அந்த அக்காவின் குரல்தான் எங்களுக்கு உதவியிருக்கிறது. உங்கள் பெற்றோருக்கும் தெருவில் அப்படி ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பதிலுக்கு அவர் வீட்டுக்கு உங்கள் அம்மாவும் கண்ணாக இருக்கட்டும், வெறும் உதவி பெறுபவராக மட்டும் அவரை வைக்காதீர்கள்.

குத்துவிளக்கும் கொலுசும் பளபளப்பாக்கித் தருகிறோம் என்று வருபவர்களையும் இதே கணக்கில் சேருங்கள். முதலில் பித்தளையை இலவசமாகத் தேய்த்துக் காட்டுவார்கள், அடுத்து தங்கத்தைக் கேட்பார்கள். அவர்களிடம் இருக்கும் திராவகம் தங்கத்தையே கரைத்துவிடும், திரும்ப வரும் சங்கிலியில் எடை குறைந்திருக்கும்.

பதில்: முதுநகர் வேதியியல் (கடலூர்)

தண்ணீர்ச் சோதனை என்று சொன்னதால் ஒரு சிறு செய்தி. பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளால் நிலத்தடி நீரைப் பற்றிய அச்சம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டு "அரசு நீர்ச் சோதனை" என்று சொல்லி வீடு வீடாக வந்து சுத்திகரிப்பான் விற்கிறார்கள்.

இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் கொண்டு வந்த தண்ணீர் என்று சொல்லி, மின்கம்பி உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைப்பார்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் செம்பழுப்பாகிக் கசடு மிதக்கும். இதைத்தான் குடிக்கிறீர்கள் என்பார்கள். அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததன்று, கருவியின் இரும்புக் கம்பி மின்சாரத்தால் கரைந்து துருவாக மாறியது. சாதாரண உப்புகள் கரைந்துள்ள நல்ல குடிநீரில்கூட மின்சாரம் பாயும் என்பதால் அப்படி ஆகிறது. உப்புகளை நீக்கிய அவர்களுடைய தண்ணீரில் மின்சாரம் பாய்வது மிகக் குறைவு, அதனால் அது தெளிவாக நிற்கிறது. தண்ணீரில் உண்மையான ஐயம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் (கடலூர்)

தொகை சிறியது என்று புகார் கொடுக்காமல் விடாதீர்கள். ஒரே இரண்டு பேர் ஒரு வாரத்தில் பத்துத் தெருக்களில் இதைச் செய்திருப்பார்கள், பத்து வீட்டாரும் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அவர்கள் பதினொன்றாவது தெருவுக்குப் போவார்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏமாற்றிப் பணம் பெறுவது 318ஆவது பிரிவிலும், தன்னை வேறொருவராகக் காட்டி ஏமாற்றுவது 319ஆவது பிரிவிலும் வருகிறது. மின்வாரியம், மாநகராட்சி போன்றவற்றின் ஊழியராக நடித்திருந்தால், பொது ஊழியர் என்று நடித்ததற்கான 204ஆவது பிரிவும் சேரும். கேஸ் ஏஜென்சி ஊழியர் பொது ஊழியர் ஆகமாட்டார் என்பதால் உங்கள் அம்மாவின் வழக்குக்கு முதல் இரண்டு பிரிவுகளே பொருந்தும்.

புகாரை எழுத்தில் கொடுத்து, மனு ஏற்புச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அம்மாவைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்க வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். விசாரணைக்குச் சாட்சியாக அழைக்கும்போது, பெண்களையும் அறுபது வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு கூறுகிறது. அந்த ரசீதையும் ட்யூபையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். தெருவில் எந்த வீட்டில் கேமரா இருக்கிறது என்று இன்றே கேளுங்கள், பல கேமராக்களில் சில நாட்களுக்குள் பழைய பதிவு அழிந்துவிடும்.

மற்றவர்கள் கவனத்துக்கு: பணம் கைப்பேசி வழியாகப் போயிருந்தால் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே பேச வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆள் வாசலில் நின்று மிரட்டிக்கொண்டிருந்தால் 112 அல்லது 100.

கெடிலக்கரை (கடலூர்)

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வேப்ப மரத்தடியில் இருபது நிமிடம் நின்ற செய்தியை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார்.

ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்து, அம்மாவே முன்கூட்டி அலுவலகத்தில் பேசி அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்ட பிறகு, ட்யூபை மாற்றிக் கொடுத்தார். அந்த இருவர் போட்டுவிட்டுப் போனதைக் கழற்றும்போது அது ரெகுலேட்டரில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்ததைக் காட்டினார். நான்கு நாட்கள் அதோடுதான் சமைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உறக்கம் வரவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். பின் தெருவில் ஒரு வீட்டுக் கேமராவில் இருவரும் வண்டியில் போவது பதிவாகியிருக்கிறது, எண் பலகை தெளிவாக இல்லை என்றாலும் அதையும் கொடுத்திருக்கிறோம். அந்த வீட்டுக்காரரின் தாயாரிடமும் 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அவர் மகனிடம் சொல்லவே இல்லை, கேமரா பதிவைக் கேட்டு நான் போன பிறகுதான் சொன்னார்.

ரசீதுக் கம்பியை வராந்தாவிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரிக்குள் மாட்டிவிட்டோம். மின்னகம், 1906, ஏஜென்சி, எதிர் வீடு, நான் என்று ஐந்து எண்களை அட்டையில் எழுதி, உள்கதவில் அம்மாவின் கண்மட்டத்துக்கு ஒட்டியிருக்கிறேன். என் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று சொல்லி, கறுப்பு மார்க்கரை வாங்கி அம்மாவே மறுபடி எழுதினார்.

வியாழக்கிழமை டெங்கு கொசுப்புழு பார்க்க மாநகராட்சிப் பணியாளர்கள் என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். அம்மா கிரிலைத் திறக்காமல் எதிர் வீட்டுக்குப் பேசினார், அவர்கள் வழக்கமாக வருபவர்கள்தான் என்று எதிர் வீட்டு அம்மா வந்து சொன்னார். அதன் பிறகும் வீட்டுக்குள் விடாமல், பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்புறம் போய்த் தொட்டியையும் பூந்தொட்டிகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர்களும் எதுவும் சொல்லாமல் பார்த்து, மருந்து ஊற்றி, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது இருவருக்கும் கிரில் வழியாக மோர் கொடுத்தேன் என்று அம்மா அன்று இரவு தொலைபேசியில் சொன்னார்.